கேட் தேர்வுக்குத் தயாராகும் முறை: தாள் தெரிவு முதல் இடம் உறுதியாகும் வரை

பொறியியல் படிப்பின் மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் இருந்துகொண்டு, ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களில் எம்.டெக். சேர, அதற்கான நுழைவுத் தேர்வாகிய கேட் (GATE) எழுத விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இந்தத் தேர்வில் சறுக்குகிறவர்களில் பலர் உழைக்காதவர்கள் அல்லர். இறுதியில் செய்ய வேண்டியதை முதலிலும், முதலில் செய்ய வேண்டியதை இறுதியிலும் செய்தவர்கள் அவர்கள். ஆகவே எதை எப்போது செய்வது, ஏன் அப்போது செய்வது என்பதற்கே இங்கு முதலிடம் தருகிறேன்.

1. எந்தத் தாள், எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கேட் தேர்வு மூன்று மணி நேரம் நடக்கும். 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள். இவற்றில் பொதுத் திறனறிவுப் பகுதிக்கு 15 மதிப்பெண்கள் எல்லாத் தாள்களுக்கும் பொது. மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற தாள்களில் பொறியியல் கணிதத்துக்கு 13 மதிப்பெண்களும் துறைப் பாடங்களுக்கு 72 மதிப்பெண்களும் உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற தாள்களிலும், 2024இல் சேர்க்கப்பட்ட டேட்டா சயின்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவுத் தாளிலும் கணிதத்துக்கென்று தனி ஒதுக்கீடு இல்லை. 85 மதிப்பெண்களும் அந்தந்தத் தாளின் பாடத்திட்டத்துக்கே உரியவை.

பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே இத்தேர்வை எழுதலாம். முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மதிப்பெண் செல்லும் என்பதால், மூன்றாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் பெற்றவர் நான்காம் ஆண்டு முடிந்தபின் அதையே காட்டிச் சேரலாம். இந்த வாய்ப்பைப் பலர் தெரியாமலே தவறவிடுகிறார்கள்.

வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள் தாளைத் தெரிவு செய்யும் முன், தாம் சேர விரும்பும் துறையின் சேர்க்கை விதிகளைப் படிக்க வேண்டும். எந்தத் தாளின் மதிப்பெண்ணை ஏற்பார்கள், அந்தத் தாளோடு எந்த இளநிலைப் பட்டத்தை ஏற்பார்கள் என்ற இரண்டையும் ஒருங்கே பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளை எழுதத் தடையில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு அவரை எந்தெந்தத் துறைகள் சேர்க்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதைப் பாராமல் படித்துவிட்டு, மதிப்பெண் வந்தபின் விண்ணப்பிக்க இடமின்றி நிற்பவர்களைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது.

அனுமதிக்கப்பட்ட இணைகளில் இரண்டு தாள்களும் எழுதலாம். முதன்முறை எழுதுகிறவர் ஒரே தாளில் நிற்பதே நல்லது என்பது என் கருத்து.

2. விண்ணப்பத்துக்கு முன் ஆவணங்களைச் சரிசெய்யுங்கள்

விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு இறுதியை ஒட்டித் திறக்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். இணையதளம் திறந்தபின் ஆவணம் தேடக் கூடாது. ஆவணத்தில் திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு முதல் சிக்கல் பெயரிலேயே வருகிறது. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் முன்னால் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரே இருக்கும். விண்ணப்பத்தில் நிரப்பும் பெயர், தேர்வு நாளில் நீங்கள் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, பிறகு பெயரை நிரப்புங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய நிறுவனங்களின் சேர்க்கைக்குச் செல்லாது. உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, உள்ளதெனில் மத்திய அரசு வடிவில் 'நான்-கிரீமி லேயர்' (வசதி வரம்பைத் தாண்டாதவர் என்ற) சான்றிதழ் பெற வேண்டும். இதற்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். சேர்க்கையின்போது பொதுவாக அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழையே கேட்பார்கள். ஆகவே முந்தைய ஆண்டில் வாங்கியது போதும் என்று இருந்துவிடாமல், வருமானச் சான்று முதலிய துணை ஆவணங்களை முன்கூட்டியே திரட்டி வைத்து, ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, அரியர். என்ஐடிகளுக்கான பொதுக் கலந்தாய்வில் பொதுப் பிரிவினருக்கும் ஓபிசி பிரிவினருக்கும் இளநிலைப் படிப்பில் 6.5 சிஜிபிஏ அல்லது 60 விழுக்காடு தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 6.0 அல்லது 55 விழுக்காடு. கேட் தேர்வுக்காகக் கல்லூரிப் பாடங்களைக் கைவிட்டு அரியர் சேர்த்துக்கொண்டால், நல்ல கேட் மதிப்பெண் இருந்தும் பட்டம் உரிய நேரத்தில் கைக்கு வராது.

3. பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள்

பழைய வினாத்தாள்களைக் கடைசி மாதத்துக்கென்று ஒதுக்கி வைப்பதே இந்தத் தயாரிப்பில் நான் மிகுதியாகக் காணும் தவறு. 'முதலில் எல்லாவற்றையும் படித்து முடிக்கிறேன், பிறகு போட்டுப் பார்க்கிறேன்' என்பார்கள். படித்து முடிப்பது என்பது எவ்வளவு ஆழம் வரை என்று அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்வது பழைய வினாத்தாள் மட்டுமே.

பாடத்திட்டத்தை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வை பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) ஏழு ஐஐடிகளும் சுழற்சி முறையில் நடத்துகின்றன. பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் நடத்தும் நிறுவனத்தின் தேர்வு இணையதளத்திலேயே கிடைக்கும். கடைசிப் பத்து ஆண்டு வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வினாவையும் பாடத்திட்டத்தின் எந்த வரிக்கு உரியது என்று பார்த்து, அந்த வரியின் ஓரத்தில் ஆண்டையும் வினா எண்ணையும் குறியுங்கள். இப்போது விடை காண முயல வேண்டாம். வினாவைப் படித்து வகைப்படுத்தினால் போதும். இதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லையே என்று மனம் பதறும். பதற வேண்டாம்.

இதனால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, எந்த வரியிலிருந்து ஆண்டுதோறும் வினா வருகிறது, எந்த வரி பெயருக்கு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது பயன் அதைவிடப் பெரியது: ஒரே கருத்தைக் கல்லூரித் தேர்வு கேட்கும் முறையும் கேட் தேர்வு கேட்கும் முறையும் எவ்வளவு வேறுபட்டவை என்பது புரியும்.

ஐகன் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். கல்லூரித் தேர்வில் ஓர் அணியைக் கொடுத்து, அதன் சிறப்புச் சமன்பாட்டை எழுதி, மூன்று மதிப்புகளையும் காணச் சொல்வார்கள். ஒரு பக்கத்துக்கு எழுத வேண்டியிருக்கும். கேட் தேர்விலோ இரண்டு மதிப்புகளைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்கலாம். ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமம், பெருக்குத்தொகை அணிக்கோவைக்குச் சமம் என்பது நினைவிருந்தால் அரை நிமிடத்தில் விடை வந்துவிடும். நீண்ட வழியை மட்டும் பழகியவர் அதே வினாவுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டு, நடுவில் ஒரு குறியைத் தவறவிடுவார். இந்த வேறுபாட்டை முன்பே கண்டவர், பாடத்தைப் படிக்கும்போதே எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிந்து படிப்பார்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். பல விடைகளைத் தெரிவு செய்யும் வினாவகை 2021இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வினாத்தாள்கள் கருத்துகளின் ஆழத்தை அறிய உதவும்; வினாக்களின் இன்றைய அமைப்பை அறிய 2021 முதல் உள்ளவற்றையே பார்க்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டு வினாத்தாள்களை வகைப்படுத்துவதோடு நிறுத்தி, போட்டுப் பார்க்காமல் மாதிரித் தேர்வுக்கென்று காத்து வையுங்கள்.

4. பாடங்களின் வரிசையை ஒன்றன் மேல் ஒன்று நிற்கும்படி அமையுங்கள்

பிடித்த பாடத்திலிருந்து தொடங்குவது இயல்பு; ஆனால் பின்வரும் பாடம் முந்தைய பாடத்தின் மேல் நிற்கிறது என்பதைப் பார்த்தே வரிசை அமைக்க வேண்டும். மெக்கானிக்கல் தாளில் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ், அதன்பின் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதன்பின் மெஷின் டிசைன் என்பது ஒரு வரிசை. தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹீட் டிரான்ஸ்ஃபர் என்பது இன்னொன்று. சிவில் தாளில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் முடியாமல் ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸுக்குப் போனால், வளைவுத் திருப்புத்திறன் வரைபடத்திலேயே தடுமாறி நிற்க நேரும்.

கணிதத்தை முதலில் முடியுங்கள். 13 மதிப்பெண்களுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வகைக்கெழுச் சமன்பாடு தெரிந்தவருக்கு ஹீட் டிரான்ஸ்ஃபரும் அதிர்வியலும் பாதி எளிதாகிவிடும். பொதுத் திறனறிவைத் தனி மாதமாக ஒதுக்காமல், வாரத்துக்கு இரண்டு முறை ஒரு மணி நேரம் என்று தொடக்கம் முதலே நடத்துங்கள். ஆங்கிலச் சொல்லறிவும் தருக்கமும் ஒரே மாதத்தில் வளர்வதில்லை. கணிதத்தையும் பொதுத் திறனறிவையும் சேர்த்தால் 28 மதிப்பெண்கள். துறைப் பாடம் எதுவும் தனியாக இவ்வளவு தராது.

காலத்தைப் பங்கிடும்போது பருவத் தேர்வை மறந்துவிடாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவத்தின் தேர்வுகள் நவம்பர், டிசம்பர் மாதங்களை ஒட்டி வரும். மாதிரித் தேர்வு தொடங்க வேண்டிய காலமும் அதுவே. ஆகவே ஜூன் தொடங்கி அக்டோபர் இறுதிக்குள் முதல் சுற்றுப் படிப்பை முடித்துவிட வேண்டும். நவம்பர், டிசம்பரில் கேட் படிப்புக்கு நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலும், அதைப் புதிய பாடத்துக்குச் செலவிடாமல் திருப்புதலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் இறுதியில் ஒரு பாடம் மிஞ்சி நின்றால், 3ஆம் பகுதியில் சொன்ன ஓரக்குறிப்புகளைப் பார்த்து, அதிக வினா வந்த வரிகளை மட்டும் படித்து மற்றவற்றை விட்டுவிடுங்கள். மனம் ஒப்பாது, ஆனால் அரைகுறையாகப் பத்துப் பாடம் தெரிவதைவிட எட்டுப் பாடத்தில் தவறில்லாமல் இருப்பது கூடுதல் மதிப்பெண் தரும்.

5. ஒவ்வொரு பாடத்தையும் முடிக்கும் முறை

ஒரு பாடத்துக்கு ஒரு நூல், தேவைப்பட்டால் ஒரு விரிவுரைத் தொடர் என்று வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். என்பிடெல் தளத்தில் ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் முழு விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கட்டணப் பயிற்சியில் சேர்வது அவரவர் வசதியைப் பொறுத்தது. ஆனால் நூலும் விரிவுரையும் பயிற்சி நிலையக் குறிப்பும் என மூன்றையும் ஒரே பாடத்துக்குப் படித்தால், படித்ததையே மும்முறை படித்த நிறைவு வருமே தவிர, வினாவுக்கு விடை காணும் திறன் வராது.

ஒரு தலைப்பைப் படித்து முடித்த அன்றே, அத்தலைப்பின் பழைய வினாக்களைப் புத்தகத்தை மூடிவைத்துப் போடுங்கள். விடை வரவில்லை என்றால் உடனே தீர்வைப் பார்க்காமல் பத்து நிமிடமாவது போராடுங்கள். எந்த இடத்தில் தடை வந்தது என்று தெரிந்தபின் தீர்வைப் படித்தால்தான் அது மனத்தில் தங்கும். முதலிலேயே பார்த்தால் எல்லாத் தீர்வும் எளிதாகவே தோன்றும்.

தவறுகளுக்கென்று தனி ஏடு ஒன்று வையுங்கள். இதை எத்தனை வலியுறுத்திச் சொன்னாலும் தகும். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் அதில் ஒரே ஒரு வரி: தவறு கருத்திலா, சூத்திரத்திலா, கணக்கிடுவதிலா, வினாவைப் படித்ததிலா என்று. இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால், ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றாமை, விட்டத்தை ஆரமாகக் கொள்ளுதல், அளவி காட்டும் அழுத்தத்தைத் தனி அழுத்தமாகக் கொள்ளுதல், மில்லிமீட்டரையும் மீட்டரையும் கலத்தல் ஆகியவை மெக்கானிக்கல், சிவில் மாணவர்களின் ஏடுகளில் ஓயாமல் வருபவை. 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதி நகர்ந்துவிட்டால் இவை நீங்கா. தவறு எந்த வகை என்று பெயரிட்டு எழுதியவர், அடுத்த முறை அந்த இடத்துக்கு வரும்போது தாமாகவே நிற்பார்.

பாடம் முடிந்ததும் சூத்திரங்களை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். சூத்திரத்தின் பக்கத்தில் அது எப்போது பொருந்தும் என்ற நிபந்தனையையும் எழுத வேண்டும். பெர்னூலி சமன்பாட்டை அறிந்தவர் பலர். உராய்வற்ற, அடர்த்தி மாறாத, சீரான ஓட்டத்தில், ஒரே ஓட்டக்கோட்டின் மேல் அது பொருந்தும் என்பதை மறந்தவரும் பலர். வினா அமைப்பவர்கள் அந்த நிபந்தனையில்தான் கை வைப்பார்கள்.

6. திரைக் கணிப்பானையும் மூன்று வினாவகைகளையும் தொடக்கத்திலேயே பழகுங்கள்

தேர்வறைக்குள் சொந்தக் கணிப்பானைக் கொண்டுபோக முடியாது. கணினித் திரையில் தோன்றும் கணிப்பானைச் சுட்டியால் அழுத்தியே கணக்கிட வேண்டும்; விசைப்பலகை இயங்காது. கையில் பிடிக்கும் கணிப்பானில் சைன் 30 என்ற வரிசையில் அழுத்துவோம். இதில் எண்ணை முதலில் இட்டு, பிறகு சைன் பொத்தானை அழுத்த வேண்டும். கோணம் பாகையில் உள்ளதா, ரேடியனில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இதே கணிப்பான் இணையத்தில் பழகக் கிடைக்கிறது. முதல் பாடத்தின் முதல் கணக்கிலிருந்தே அதில்தான் போட வேண்டும். ஜனவரியில் பழகிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர், தேர்வறையில் ஒவ்வொரு கணக்குக்கும் கூடுதலாக அரை நிமிடம் இழக்கிறார்.

வினாக்கள் மூன்று வகை. நான்கில் ஒரு விடையைத் தெரிவு செய்யும் வகையில் மட்டும் தவறுக்கு மதிப்பெண் குறையும்: ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிப்பார்கள். ஒன்றும் தெரியாமல் குறித்தால் சராசரியாக ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. நான்கில் ஒன்றை உறுதியாக நீக்க முடிந்தால், ஒரு மதிப்பெண் வினாவில் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு ஆதாயம். இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே ஒன்றையும் நீக்க முடியாத வினாவை விட்டுவிடுங்கள். இரண்டை நீக்க முடிந்ததைத் துணிந்து குறியுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கக்கூடிய வகையில் தவறுக்குக் கழிப்பு இல்லை. ஆனால் சரியான விடைகள் அனைத்தையும், அவற்றை மட்டுமே, குறித்தால்தான் மதிப்பெண். எண்ணை உள்ளிடும் வகையிலும் கழிப்பு இல்லை. எனவே இந்த இரு வகைகளில் எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. எண் விடையில் எத்தனை தசம இடம், எந்த அலகு என்று வினாவே சொல்லும். கணக்கின் நடுவில் முழுமையாக்காமல் இறுதியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

7. மாதிரித் தேர்வுகள்

முதல் சுற்றுப் படிப்பு முடியும்வரை முழு மாதிரித் தேர்வு வேண்டாம். பாடவாரித் தேர்வு போதும். பாதிப் பாடத்தோடு முழுத் தேர்வு எழுதினால் கிடைக்கும் குறைந்த மதிப்பெண் எதையும் கற்பிக்காது, ஊக்கத்தைத்தான் குலைக்கும். பருவத் தேர்வு முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு என்று தொடங்குங்கள். உண்மைத் தேர்வு வழக்கமாகக் காலை 9.30 மணிக்கோ பிற்பகல் 2.30 மணிக்கோ தொடங்கும். பிற்பகல் உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் கருத்தூன்றி உட்காரும் பழக்கம் பலருக்கு இல்லாததால், இரு வேளைகளிலும் மாறி மாறி எழுதிப் பாருங்கள்.

மூன்று மணி நேரத்தையும் மூன்று சுற்றாகப் பிரிப்பது பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரியும் வினாக்கள். இரண்டாம் சுற்றில் வழி தெரிந்தும் நீண்ட கணக்கு வேண்டுபவை. மூன்றாம் சுற்றில் மீதமுள்ளவை. ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடமே கிடைக்கும். இரண்டு மதிப்பெண் வினா ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் குறியிட்டுவிட்டு நகருங்கள்.

தேர்வு எழுதிய நேரத்தைவிடக் கூடுதல் நேரத்தை அதை ஆராய்வதில் செலவிடுங்கள். தவறியவற்றோடு, சரியாகப் போட்டும் நேரம் மிகுதியாகப் பிடித்தவற்றையும் பாருங்கள். சுருக்கமான வழி ஒன்று அங்கே ஒளிந்திருக்கும். மாதிரித் தேர்வு நடத்தும் பயிற்சி நிறுவனங்கள் தரும் தரவரிசையைப் பெரிதாகக் கொள்ள வேண்டாம். காத்து வைத்த கடைசி இரண்டு ஆண்டு வினாத்தாள்களை ஜனவரி இறுதியில் எழுதுங்கள். உங்கள் நிலையை நம்பகமாகக் காட்டுபவை அவையே.

8. கடைசி வாரமும் தேர்வு நாளும்

புதிய தலைப்பு எதையும் தொட வேண்டாம். சூத்திரப் பக்கங்களும் தவறு ஏடும் மட்டும் போதும். வெளியூரில் தேர்வு மையம் என்றால் முந்தைய நாளே போய்விடுங்கள். அச்சிட்ட நுழைவுச்சீட்டும், விண்ணப்பத்தில் குறிப்பிட்ட அடையாள அட்டையின் மூலமும் கையில் இருக்க வேண்டும். எழுதிப் பார்க்கத் தாள் அங்கேயே தருவார்கள். அதில் வினா எண்ணிட்டுக் கணக்குகளை எழுதினால், திரும்பிப் பார்க்கும்போது தேட வேண்டியிருக்காது.

9. தேர்வுக்குப் பிறகு செய்ய வேண்டியவை

தேர்வு முடிந்த சில நாட்களில் உங்கள் விடைப்பதிவும் தற்காலிக விடைக்குறிப்பும் வெளியாகும். குறிப்பு தவறு என்று சான்றோடு காட்ட முடிந்தால் கட்டணம் செலுத்தி முறையிடலாம்.

முடிவில் இரண்டு எண்கள் இருக்கும்: 100க்கு நீங்கள் பெற்ற மதிப்பெண், 1000க்குக் கணக்கிட்ட கேட் ஸ்கோர். சேர்க்கைக்குப் பயன்படுவது பின்னது. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 350 ஸ்கோருக்கும், முதன்மைத் தேர்வர்களின், அதாவது அந்தத் தாளில் முன்னணி இடங்களைப் பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 900 ஸ்கோருக்கும் இணையாக வைக்கப்படும். தகுதி மதிப்பெண் 30, முதன்மைத் தேர்வர்களின் சராசரி 80 என்று வைத்துக்கொண்டால், 55 பெற்றவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் அவர் ஸ்கோர் 625. வினாத்தாள் கடினமாக இருந்த ஆண்டில் அதே 55 மதிப்பெண்ணுக்கு ஸ்கோர் உயரும். ஆகவே சென்ற ஆண்டு இடம் பெற்றவர்களோடு உங்களை ஒப்பிடும்போது ஸ்கோரை ஸ்கோரோடு ஒப்பிடுங்கள்.

புதியவர்கள் பெரிதும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். கேட் எழுதியதாலேயே இடம் தேடி வராது. ஒவ்வொரு ஐஐடிக்கும் தனித்தனியாக அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; அவற்றின் கடைசித் தேதிகள் முடிவு வெளியாகும் மார்ச் மாதத்தை ஒட்டியே நெருக்கமாக வரும். அதோடு, ஐஐடிகள் தரும் இடங்களை ஏற்கும் பொது இணையதளமான கோஆப்பிலும் பதிவு செய்ய வேண்டும். என்ஐடிகளுக்கும் வேறு சில மத்திய நிறுவனங்களுக்கும் சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வு தனியே நடக்கும். எம்.எஸ். ஆய்வுப் படிப்புக்கு எழுத்துத் தேர்வோ நேர்காணலோ இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் எம்.இ., எம்.டெக். கலந்தாய்வுக்கும் கேட் மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் பெயர், விண்ணப்பக் கடைசித் தேதி, கட்டணம், வேண்டிய ஆவணம் என்ற நான்கையும் ஒரு தாளில் பட்டியலிட்டு, பிப்ரவரி இறுதியிலேயே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கோஆப்பில் இடம் வந்ததும் மூன்று முடிவுகளில் ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். 'அக்செப்ட் அண்ட் ஃப்ரீஸ்' என்றால் அந்த இடமே இறுதி. அடுத்த சுற்றுகள் உங்களுக்கு இல்லை. 'ரீட்டெயின் அண்ட் வெயிட்' என்றால் அந்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலான இடத்துக்குக் காத்திருக்கலாம். 'ரிஜெக்ட் அண்ட் வெயிட்' என்றால் அந்த இடம் போய்விடும். மேலான இடம் வரும் என்ற நம்பிக்கையில், கிடைத்த ஒரே இடத்தை முதல் சுற்றிலேயே மறுத்துவிடாதீர்கள்; ரீட்டெயின் செய்ய வழியிருக்கும்வரை அதையே தெரிவு செய்யுங்கள். ரீட்டெயின் செய்யும் சுற்றுகளுக்கும் வரம்பு உண்டு என்பதால், அந்த ஆண்டின் விதிக்குறிப்பை முதல் சுற்றுக்கு முன்பே படித்துவிடுங்கள். முடிவு பதியும் நாட்களில் செமஸ்டர் தேர்வோ பயணமோ இருந்தால், இணைய வசதிக்கு முன்பே ஏற்பாடு செய்து, கடைசி மணி நேரம்வரை காத்திராமல் பதிவை முடித்து அதன் நகலைச் சேமித்து வையுங்கள்.